வெளியுறவு அமைச்சகத்துக்கு என்ன வேலை? பிரதமர் அலுவலகமே போதாதா?

கரிசல்_மாணவன்

குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியல் 10 முதல் 14 வரை மனப்பாடம் ஆகிவிட்டது: வெளிநாட்டு விவகாரம், தூதரகப் பிரதிநிதித்துவம், ஐ.நா., சர்வதேச மாநாடுகள், ஒப்பந்தங்கள். இவற்றை வெளியுறவு அமைச்சகம் கவனிக்கிறது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது.

நாளிதழைத் திறந்தால் வேறு மாதிரி இருக்கிறது. சீனாவுடன் எல்லைப் பேச்சுக்குத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் போகிறார். வணிக ஒப்பந்தத்தை வணிக அமைச்சகம் பேசுகிறது. பன்னாட்டு நிதியம் என்றால் நிதி அமைச்சகம். பெரிய அறிவிப்பு எதுவானாலும் பிரதமர். நேருவே 1964இல் இறக்கும்வரை வெளியுறவைத் தன் கையில்தான் வைத்திருந்தார். அப்படியானால் அந்த அமைச்சகத்துக்கென்று மிஞ்சுவது என்ன? பாஸ்போர்ட் கொடுப்பது மட்டும்தானா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை.

நேர்வழி

நல்ல கேள்வி. என் பதிலை நேராகவே சொல்கிறேன்: முக்கியமானது எதுவும் அந்த அமைச்சகத்தின் வழியாக நடந்ததில்லை, நடக்கவும் வேண்டாம்.

1971இல் வங்கதேசப் போருக்கு முன் சோவியத் ஒப்பந்தத்துக்கு வழி செய்தது யார்? இந்திராவின் அலுவலகத்திலிருந்த பி.என். ஹக்ஸரும் டி.பி. தரும். 1998 மே மாதம் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்காவோடு பேச வாஜ்பாய் அனுப்பியது ஜஸ்வந்த் சிங்கை. பேச்சு தொடங்கியபோது அவர் திட்டக்குழுத் துணைத் தலைவர். வெளியுறவு அமைச்சரானது அந்த டிசம்பரில்தான். 2003இல் சீன எல்லைக்குச் சிறப்புப் பிரதிநிதி முறை வந்தது, அதுவும் பிரதமரிடமிருந்து. வெளியிலும் அப்படித்தான். 1971 ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் ரகசியமாக பீஜிங் போனார். அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக இருந்த வில்லியம் ராஜர்ஸை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் நிக்சன் அதைச் செய்தார்.

மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் உலகத்தோடு பேச வேண்டும். தேர்வு எழுதி வந்தவர்கள் அவருக்கு உதவி செய்தால் போதும்.

பழைய_கோப்பு

தம்பி கரிசல், நான் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) இல்லை. அதற்குக் கீழே உள்ள பிரிவில் சேர்ந்து, டெல்லியிலும் சில தூதரகங்களிலும் கோப்போடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். மேசையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாட்டின் தலைவர் டெல்லிக்கு வருகிறார் என்று வையுங்கள். அமைச்சகத்தில் அந்த நாட்டைக் கவனிக்க ஒரு பிரிவு இருக்கும். டெரிட்டோரியல் டிவிஷன் என்போம். இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இப்போது இந்தியப் பெருங்கடல் பிரிவு. அதன் தலைவர் இணைச் செயலர், வாய்ப்பேச்சில் 'ஜேஎஸ்'. தலைவர் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த மேசையில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். போன முறை என்ன பேசினோம், எதற்கு ஒப்புக்கொண்டார்கள், எதற்கு 'பார்க்கலாம்' என்றார்கள், நாம் கொடுத்த வாக்கில் எது பாக்கி என்று தோண்டி எடுத்து ஒரு அண்டர் செக்ரட்டரி பிரீஃப் எழுதுவார். பாதுகாப்பு, வணிகம், உள்துறை, நீர்வளம் எல்லோரிடமும் கருத்துக் கேட்பார். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஆகாது. அதைச் சமன்செய்து, நம் நாடு ஒரே குரலில் என்ன சொல்லப் போகிறது என்று ஒரு தாளில் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அங்கிருக்கும் நம் தூதர், அந்த நாட்டு அமைச்சரவைக்குள் யார் யாரோடு முரண்படுகிறார் என்று சைஃபரில், அதாவது ரகசியக் குறியீட்டில், எழுதுவார். பேச்சு நடக்கும்போது ஒருவர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அன்றிரவே 'ரெக்கார்ட் ஆஃப் டிஸ்கஷன்' தயாராக வேண்டும்.

முடிவெடுப்பவர் பிரதமர்தான், எனக்கு அதில் மறுப்பே இல்லை. பத்து வருடம் கழித்து எதிர்த்தரப்பு 'அப்படி நாங்கள் சொல்லவே இல்லையே' என்றால் எடுத்துக் காட்டக் காகிதம் வேண்டும், அதைப் படித்தவர் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை அமைச்சகத்தின் முதல் வேலை இதுதான்.

நேர்வழி ஐயாவுக்கு: ஹக்ஸரே வெளியுறவுப் பணியிலிருந்து போனவர். டி.பி. தர் மாஸ்கோவில் நம் தூதராக இருந்தவர். 1971 ஆகஸ்ட் 9 அன்று அந்த ஒப்பந்தத்தில் குரோமிக்கோவோடு கையெழுத்திட்டது வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங். ஜஸ்வந்த் சிங்கோடு போன குழுவிலும் அமைச்சகத்தின் ஆயுதக் குறைப்புப் பிரிவினர் இருந்தார்கள். வெளியில் நடந்ததாகச் சொல்லும் இடத்திலெல்லாம் உள்ளே இருந்தவர்கள்தான் தாளை எழுதியிருக்கிறார்கள்.

சட்டக்குறிப்பு

சட்டப் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகள்.

தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 41ஆவது பிரிவு, ஒரு தூதரகம் தான் இருக்கும் நாட்டோடு அரசு அலுவல்களை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தோடு அல்லது அதன் வழியாக நடத்த வேண்டும் என்கிறது. வேறு அமைச்சகம் என்றால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 7ஆவது பிரிவின்படி, தனி அதிகாரப் பத்திரம் காட்டாமலேயே நாட்டுக்காக ஒப்பந்தம் செய்யக்கூடியவர்கள் மூவர்: நாட்டின் தலைவர், அரசின் தலைவர், வெளியுறவு அமைச்சர். நிதி அமைச்சரோ பாதுகாப்பு அமைச்சரோ இந்த வரிசையில் இல்லை.

அந்தப் பதவியில் இருப்பவர் வாயைத் திறந்தாலே நாடு கட்டுப்படும் என்பதற்கு நார்வே கதை இருக்கிறது. 1919 ஜூலையில் நார்வேயின் வெளியுறவு அமைச்சர் இஹ்லன், கிரீன்லாந்து முழுவதன் மீதும் டென்மார்க் கோரும் உரிமைக்குத் தங்கள் அரசு இடையூறு செய்யாது என்று டென்மார்க் தூதரிடம் வாய்மொழியாகச் சொன்னார். 1931இல் நார்வே கிழக்கு கிரீன்லாந்தின் ஒரு பகுதியைத் தனதென்று அறிவித்தது. வழக்கு ஹேக்கிலிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1933இல் டென்மார்க் பக்கம் தீர்ப்பு. வெளியுறவு அமைச்சர் தன் துறைக்குள் வரும் விஷயத்தில் வெளிநாட்டுத் தூதருக்குக் கொடுத்த பதில் அவர் நாட்டைக் கட்டுப்படுத்தும் என்றார்கள் நீதிபதிகள். சில வரிப் பேச்சுதான். இஹ்லன் சொன்னதை உடனே எழுதி வைத்ததால் இரு பக்கத்துக் கோப்பிலும் அது இருந்தது. பழைய_கோப்பு ஐயா சொன்னது இதோடு அப்படியே பொருந்துகிறது.

பாம்பன்_காற்று

எல்லாரும் உயரத்துல இருந்தே பேசுறீங்க. நாங்க கரையில இருந்து பாக்குறோம், அதையும் கேளுங்க.

1974 ஒப்பந்தத்துல இந்திராவும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டாங்க, கச்சத்தீவு அந்தப் பக்கம் போச்சு. அதுலயும் அஞ்சாவது பிரிவுல நம்ம மீனவரும் யாத்திரை போறவங்களும் விசா இல்லாம தீவுக்குப் போய் வரலாம்னு இருக்கு. ஆறாவது பிரிவுல ரெண்டு நாட்டுப் படகும் காலங்காலமா அனுபவிச்ச உரிமை தொடரும்னு இருக்கு. எங்க ஐயாவெல்லாம் அங்க வலை காயப்போட்டவங்க, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போனவங்க.

ரெண்டே வருசத்துல, 1976 மார்ச் 23ல, நம்ம வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் அவங்க செயலரும் கடிதம் மாத்திக்கிட்டாங்க. ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடல்ல மீன் பிடிக்கக் கூடாதுன்னு அதுல எழுதியாச்சு. அப்ப நாட்டுல நெருக்கடி நிலை. இங்க மாநில ஆட்சியை ஜனவரி 31லயே கலைச்சுட்டாங்க. கேக்க சட்டமன்றமும் இல்ல, பேச ஆளும் இல்ல. அந்தக் கடிதத்துக்குப் பின்னாடி எத்தனை பேர் சிறை, எத்தனை படகு போச்சு! பிரதமர் போட்ட கையெழுத்தைப் பத்தி ஊரெல்லாம் பேசுது. எங்க பொழப்பை முடிச்சது செயலர் எழுதுன கடிதம். அமைச்சகத்துக்கு வேலை இல்லைன்னு எங்ககிட்ட சொல்லாதீங்க.

கரிசல்_மாணவன்

இந்தக் கடிதத்தைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ஒரு சந்தேகம்: இப்படியெல்லாம் செய்ய நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டாமா? மாநிலத்தைக் கேட்க வேண்டாமா?

சட்டக்குறிப்பு

ஒப்பந்தம் போட ஒப்புதல் வேண்டும் என்று நம் சாசனம் சொல்லவில்லை. அதை உள்நாட்டில் சட்டமாக்கத்தான் 253ஆவது பிரிவு. நிலத்தை விட்டுக்கொடுப்பது மட்டும் வேறு. 1960இல், மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விஷயத்தில் அதற்குச் சாசனத் திருத்தம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. கச்சத்தீவில் அரசு எடுத்த நிலை, 'அது யாருக்கு என்று முடிவாகாத இடம், ஆகவே விட்டுக்கொடுத்ததாக ஆகாது' என்பது. அதனால் திருத்தம் இல்லை.

அதே 1974இல் இந்திராவும் முஜிபும் வங்கதேச நில எல்லை ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே திருத்தம் தேவைப்பட்டது. 2015இல் நூறாவது திருத்தம் வந்த பிறகுதான் அந்தப் பக்கமிருந்த நம் 111 நிலத் திட்டுகளும் இந்தப் பக்கமிருந்த அவர்களின் 51 திட்டுகளும் கைமாறின.

மாநிலத்தைக் கேட்பது சட்டப்படி கட்டாயம் இல்லை. 1974 ஜூனில் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியிடம் விளக்கினார் என்று 2024இல் வெளிவந்த ஆவணங்கள் வழியாகச் செய்தி வந்தது. அந்த ஆகஸ்டில் சட்டமன்றம் ஒப்பந்தத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. விளக்குவதும் கலந்துபேசுவதும் ஒன்றல்ல. 1996 கங்கை நீர் ஒப்பந்தத்தின்போது ஜோதி பாசுவைக் கூடவே வைத்துக்கொண்டார்கள், ஒப்பந்தம் நின்றது. 2011இல் தீஸ்தா விஷயத்தில் மம்தா கடைசி நேரத்தில் டாக்கா பயணத்திலிருந்து விலகினார், ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. 2014இல் அமைச்சகத்துக்குள் மாநிலங்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். எல்லைக் கடலும் எல்லை ஆறும் அந்தப் பிரிவின் மேசைக்கு வராதவரை அதனால் பெரிய பயன் இருக்காது என்பது என் எண்ணம்.

வடமராட்சி

பாம்பன் அண்ணையின்ட வலி எனக்கு விளங்குது. இஞ்சாலயும் கடற்கரைதான். உங்கட இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போன இரவுகளை எங்கட ஆக்களும் மறக்கேல்லை. எங்களுக்காகக் கதைக்க வேண்டிய வெளியுறவு அமைச்சு கொழும்பில இருக்கு; வடக்கு மீனவன்ட குரல் அங்க போய்ச் சேருதோ எண்டது வேற கேள்வி. அதைப் பிறகு கதைப்பம்.

நான் சொல்ல வந்தது 1983க்குப் பிறகான காலத்தைப் பற்றி. இந்திராவின்ட காலத்தில ஜி. பார்த்தசாரதி சிறப்புத் தூதராக வந்தார். பிராந்திய சபைகள் பற்றின 'இணைப்பு சி' அவர் ஜெயவர்த்தனாவோட கதைச்சு எழுதினது. ராஜீவ் வந்ததும் அவரை ஒதுக்கிப்போட்டு வெளியுறவுச் செயலர் ரொமேஷ் பண்டாரி வந்தார். 1985 திம்புப் பேச்சு அவற்ற காலம். 1986இல் சிதம்பரமும் நட்வர் சிங்கும் கொழும்புக்கு வந்து போச்சினம், அதிகாரப் பகிர்வுக்கான டிசம்பர் 19 யோசனைகள் வந்தது. இவ்வளவும் நடக்கேக்கை இந்திய உளவுத்துறை இயக்கங்களுக்குப் பயிற்சி குடுத்துக்கொண்டிருந்தது. கொழும்பில தூதுவர் டிக்சிற் வேற ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆரோட கதைச்சா டில்லியோட கதைச்சதாக அர்த்தம் எண்டு எங்கட தலைவர்மாருக்கும் தெரியேல்லை, ஜெயவர்த்தனாவுக்கு மட்டும் நல்லாத் தெரிஞ்சிருந்தது. ஒராளோட முடியாட்டி அடுத்த ஆள் வரும்வரைக்கும் அவர் காத்திருந்தார்.

நேர்வழி அண்ணை, அமைச்சைத் தாண்டிப் போனா வேகமாக வேலை நடக்கும் எண்டுறியள். அந்த வேகத்தின்ட விலையை நாங்கள் குடுத்தனாங்கள்.

பழைய_கோப்பு

வடமராட்சி எழுதியதற்குப் பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1987 ஜனவரியில் வெளியுறவுச் செயலராக இருந்தவர் ஏ.பி. வெங்கடேஸ்வரன். பிரதமரின் பாகிஸ்தான் பயணம் பற்றி அவர் சொல்லியிருந்ததை ஒட்டி, டெல்லி செய்தியாளர் கூட்டத்தில் ஒரு பாகிஸ்தான் நிருபர் ராஜீவிடம் கேட்டார். விரைவில் நீங்கள் புதிய வெளியுறவுச் செயலரோடு பேசுவீர்கள் என்று பிரதமர் எல்லோர் முன்னாலும் பதில் சொன்னார். அன்றே வெங்கடேஸ்வரன் விலகல் கடிதம் கொடுத்தார். வெளியுறவுப் பணி அதிகாரிகள் சங்கம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது, அது அபூர்வம்.

அமைச்சர் நாற்காலியைப் பாருங்கள். 1984 இறுதியில் ராஜீவே வெளியுறவையும் வைத்திருந்தார். பிறகு பலிராம் பகத், பிறகு சிவசங்கர், பிறகு என்.டி. திவாரி. 1987 ஜூலை 25 அன்று துறை மறுபடி ராஜீவிடமே வந்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம். 1985 தொடக்கத்திலிருந்து ஒப்பந்தம் வரை செயலர் பதவியிலும் மூன்று பேர். எந்த மேசையில், யார் தலைமையில், 'இதை விடுதலைப் புலிகள் ஏற்காவிட்டால் என்ன செய்வது' என்ற கேள்வியை முழுதாக எழுதிப் பார்த்திருக்க முடியும்? அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பும்போது சுமார் 1,200 வீரர்களை இழந்திருந்தோம். அங்கே செத்த பொதுமக்களை வடமராட்சிதான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் நல்லது இல்லை என்று சொல்லவில்லை. இலங்கைச் சாசனத்தின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகளும் அதிலிருந்து வந்தவை. இன்றைக்கும் டெல்லி கொழும்பிடம் எடுத்துப் பேச அதுதான் இருக்கிறது. அவசரமும், மாறி மாறி வந்த ஆட்களும், மாற்றுக் கருத்துச் சொல்பவரை வெளியேற்றியதும்தான் என் மனக்குறை.

நேர்வழி

ஐயா, மதிப்போடு கேட்கிறேன். அமைச்சகத்தின் கோப்பு அவ்வளவு காப்பாற்றும் என்றால் 1962 ஏன் நடந்தது? அப்போது செயலர்களும் இருந்தார்கள், தூதர்களும் இருந்தார்கள். 1954 ஏப்ரலில் திபெத் பற்றி சீனாவோடு ஒப்பந்தம் போட்டபோது எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை கூட அதில் இல்லையே?

பழைய_கோப்பு

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அமைச்சகத்தின் முதல் தலைமைச் செயலராக இருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய், எல்லையைச் சீனாவிடம் வெளிப்படையாக எழுப்ப வேண்டும் என்ற கருத்தில் இருந்தார். பீஜிங்கில் தூதராக இருந்த பணிக்கர், நாமாக எழுப்ப வேண்டாம் என்றார். நேரு பணிக்கர் பக்கம் சாய்ந்தார். எச்சரிக்கை கோப்பில் இருந்தது. பிரதமரே வெளியுறவு அமைச்சராகவும் இருந்ததால் அந்த எச்சரிக்கையை அமைச்சரவையில் தூக்கிப் பிடிக்கத் தனி அமைச்சர் ஒருவர் இல்லை. ஆகவே 1962 உங்கள் வாதத்துக்கு உதவாது, என் வாதத்துக்குத்தான் உதவுகிறது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: அதிகாரிகள் கூட்டமாகத் தவறு செய்வதும் உண்டு. வெளியுறவுப் பணியில் ஆயிரத்தை ஒட்டிய அதிகாரிகள்தான். உலகெங்கும் தூதரகம், துணைத் தூதரகம் என்று 200க்கு அருகே இருக்கின்றன. ஒரு மேசையில் ஒருவர் பல நாடுகளைச் சுமக்கிறார். மத்திய பட்ஜெட்டில் இந்த அமைச்சகத்தின் பங்கு அரை சதவீதம் கூட இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது.

குளச்சல்_மீரா

பெரிய விஷயங்களுக்கு நடுவே என் விஷயம் சின்னதுதான். அண்ணன் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை செய்தான். பல மாதச் சம்பளம் பாக்கி, பாஸ்போர்ட் முதலாளி கையில். அங்கிருந்த நம் தூதரகத்துக்கு போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' புகார் இணையதளத்தில் பதிந்து, எங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னபடி விடாமல் எழுதினோம். தொழிலாளர் பிரிவிலிருந்த அதிகாரி ஒருவர் கம்பெனிக்கே போய்ப் பேசி, அவசரச் சான்றிதழ் கொடுத்து அவனை அனுப்பி வைத்தார். சம்பளம் முழுதாக வரவில்லை. அவன் வந்துவிட்டான்.

2004இல் வெளிநாடுவாழ் இந்தியருக்கென்று தனி அமைச்சகம் தொடங்கி, 2016இல் வெளியுறவோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது நல்லதா என்று எனக்கு இன்னும் சந்தேகம். பெரிய நாடுகளோடு பேசுகிற வீட்டில் கூலித் தொழிலாளியின் கோப்பு கடைசி அடுக்குக்குப் போய்விடாதா? ஆபத்து வந்தால் ஓடி வருகிறார்கள், அதை மறுக்கவில்லை. 1990இல் குவைத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள், 2015இல் ஏமனிலிருந்தும் வந்தார்கள். எங்கள் பக்கத்து செவிலியர் பலர் அப்படி வந்தவர்கள். அந்த வேகம் போர் இல்லாத நாளிலும் வேண்டும்.

பழைய_கோப்பு

அம்மா, நீங்கள் சொன்னது சின்ன விஷயம் இல்லை. தூதரகத்தில் அந்த ஜன்னலில் உட்காருபவருக்கு மேலே இருப்பவர்களின் கவனம் கிடைப்பதில்லை என்பது நானே பார்த்தது. இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. பயணச் சீட்டு, சட்ட உதவி, உடலை ஊருக்கு அனுப்புவது எல்லாம் அதிலிருந்து செய்யலாம். தூதருக்கே அதைச் செலவு செய்யும் அதிகாரம் உண்டு. உங்கள் ஊரில் யாருக்காவது தேவைப்பட்டால் மனுவில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

பாம்பன்_காற்று

2014 அக்டோபர்ல தங்கச்சிமடத்துக்காரங்க அஞ்சு பேருக்குக் கொழும்பு நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்துச்சு. எங்க ராமேஸ்வரம் தீவே பத்தி எரிஞ்சுச்சு. நம்ம தூதரகம் வக்கீல் வச்சு மேல்முறையீடு போட்டுச்சு. நம்ம பிரதமர், அப்ப இலங்கை அதிபரா இருந்த ராஜபக்சேகிட்ட போன்ல பேசினாரு. பொது மன்னிப்புக்கு வழி விட அந்த மேல்முறையீட்டைத் திரும்ப வாங்கினாங்க. நவம்பர்லயே அஞ்சு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க. பிரதமரும் வேணும், கோர்ட்டுல காகிதம் போட்ட தூதரகமும் வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் அவங்க வந்திருக்க மாட்டாங்கன்னுதான் நான் நம்புறேன்.

இப்ப பிடிபடுறவங்களை யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்து ஆளுங்க சிறையில போய்ப் பாக்குறாங்க, துணிமணி குடுக்குறாங்க. அதுக்கு நன்றி சொல்வேன். படகு வர மாட்டேங்குது. 2016ல ரெண்டு நாடும் சேந்து மீன்வளத்துக்குக் கூட்டுப் பணிக்குழு வச்சாங்க. அதுல படகைப் பத்தி நம்ம பக்கம் என்ன கேட்டுச்சு, அவங்க என்ன சொன்னாங்க? யார்கிட்ட கேட்டாத் தெரியும்?

வடமராட்சி

இழுவைப் படகை எப்ப நிறுத்தப் போறியள் எண்டு அதே குழுவில எங்கட பக்கம் கேட்டதுக்கு என்ன பதில் எண்டும் சேர்த்துக் கேளுங்கோ அண்ணை. இரண்டு பதிலும் ஒரே தாளில வந்தாத்தான் நாங்களும் நீங்களும் இருந்து கதைக்கலாம்.

பாம்பன்_காற்று

அது நியாயம். சேத்தே கேக்குறேன். இழுவை மடியை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போகணும்னு எங்க ஊர்லயும் பல பேர் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்.

சட்டக்குறிப்பு

உங்கள் எம்.பி.யிடம் எழுத்துப்பூர்வ பதில் கோரும் கேள்வியாகக் கொடுங்கள். நாடாளுமன்றத்தில் அமைச்சர் தரும் பதில் பதிவாகிவிடும், பிறகு மறுக்க முடியாது. ஒரு நுணுக்கம்: கூட்டுப் பணிக்குழுவில் நம் பக்கம் தலைமை தாங்குவது மீன்வளத் துறைச் செயலர், வெளியுறவு அமைச்சகத்தினர் உடன் இருப்பார்கள். ஒரே கேள்வியாக வெளியுறவுக்கு அனுப்பினால், படகுப் பகுதி மீன்வள அமைச்சகத்தைச் சேர்ந்தது என்று திருப்பிவிட வாய்ப்பு உண்டு. இரண்டாகப் பிரியுங்கள். கைது, சிறைச் சந்திப்பு, 1976 கடிதங்களை மறுபடி பேச அரசு எப்போதாவது கேட்டதா என்பது வெளியுறவுக்கு. படகு, இழப்பீடு, ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவது மீன்வளத்துக்கு. தேதி கேட்டு எழுதுங்கள். 'தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்' என்ற பதில் வந்தால், எந்தத் தேதியில், எந்த மட்டத்தில் என்று அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்கலாம்.

கரிசல்_மாணவன்

பாம்பன் அண்ணே, வரைவை நான் எழுதித் தருகிறேன். 1974, 1976 ஒப்பந்தங்களின் வாசகத்தை இன்றே எடுத்து வைக்கிறேன். வடமராட்சி அண்ணன் சொன்னதையும் தனி உட்பிரிவாகச் சேர்க்கிறேன். பழைய_கோப்பு ஐயா ஒரு முறை பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

பழைய_கோப்பு

அனுப்புங்கள் தம்பி. உட்பிரிவு மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான கேள்வியில் கடைசிப் பாதிக்குப் பதில் வராது.